நுண்ணுயிர்களின் உலோகத் தொழில்

உலோகங்களை ஆளக் கற்ற நாள்முதல் மனிதன் தீயையே தன் துணையாகக் கொண்டிருக்கின்றான். மண்ணொடு கலந்து கிடக்கும் தாதுவை உலையிலிட்டு உருக்கியும், உருகியதனைப் புடமிட்டு மாசு நீக்கியும், தகடாக அடித்தும், கம்பியாக நீட்டியும் அவன் வளர்த்த தொழில்கள் பல. வெள்ளியைப் புடமிடுகிறவனுடைய உருவகம் வேதாகமத்திற் பன்முறை வருதலை நம் வாசகர் அறிவர். உலையும் துருத்தியும் இன்றி உலோகத் தொழில் இல்லை என்பதே உலகத்தாரின் எண்ணமாக இருந்தது. ஆயினும், கண்ணுக்குப் புலனாகாத சிற்றுயிர்கள் தீயுமின்றித் துருத்தியுமின்றிக் குளிர்ந்த நீரிற் கிடந்தவாறே, கரைந்த உலோகத்தைப் பிரித்தெடுத்து மிக நுண்ணிய பொடியாக்குகின்றன என்பது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தெளிவாகியது.

இத்தொழிலைப் பற்றி இக்காலத்து ஆராய்ச்சி இதழ்களில் வெளிவரும் கட்டுரைகள் எண்ணிறந்தன. நம் நாட்டுக் கல்லூரிகளிலும் முதுகலை மாணவர் பலர் இதனையே தம் ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொள்கின்றனர். சுற்றுச்சூழலுக்கு இயைந்த முறை என்னும் அடைமொழி இதற்கு வாய்த்திருப்பது அதற்கு ஒரு காரணம். பெரும் பொருட்செலவின்றித் தொடங்கக்கூடியதாய் இருப்பது மற்றொரு காரணம். அவ்வடைமொழி எவ்வளவிற்குத் தகும், எவ்விடத்தில் தகாது என்பதனை அறிந்துகொள்ளுதல் இத்துறையிற் புகுவார்க்கு இன்றியமையாதது. ஆதலின், நானோ துகள் என்பது யாது, அதனைச் சிற்றுயிர்கள் எங்ஙனம் ஆக்குகின்றன, அம்முறையின் நன்மையும் குறையும் யாவை என்னும் மூன்றினையும் முறையே ஆராய்வாம்.

நானோ துகள் யாது?

ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறுகளாகப் பகுத்தால் அவற்றுள் ஒரு கூறு ஒரு நானோமீட்டர் எனப்படும். நம் தலைமயிர் ஒன்றின் பருமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். சாதாரணப் பாக்டீரியா ஒன்றன் அகலம் 1,000 நானோமீட்டர் அளவினது. ஒன்று முதல் நூறு நானோமீட்டர் வரை அளவுள்ள பொடிகளையே நானோ துகள்கள் என்று வழங்குகின்றனர். எனவே, ஒரு பாக்டீரியாவின் உடலுக்குள்ளேயே இத்தகைய துகள்கள் பல நூறு அடங்கக்கூடும்.

பொருளைப் பொடியாக்கினால் அளவு குறையுமேயன்றிக் குணமும் மாறுமோ எனின், மாறும் என்க. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரப் பொற்கட்டி ஒன்றைக் கருதுவோம். அதன் ஆறு முகங்களின் மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அக்கட்டியையே 10 நானோமீட்டர் பக்கமுள்ள சிறு கட்டிகளாக வெட்டிவிட்டால், பொன்னின் எடை சிறிதும் கூடாதிருக்க, முகங்களின் மொத்தப் பரப்பு மாத்திரம் 600 சதுர மீட்டராகப் பெருகிவிடும். உள்ளே மறைந்து கிடந்த அணுக்களுட் பல வெளிமுகத்திற்கு வந்துவிடுகின்றன என்பது இதன் பொருள். திண்மப் பொருளின் இரசாயன வினைகள் பெரும்பாலும் வெளிமுகத்திலேயே நிகழ்வன. ஆதலால், எதனோடும் எளிதிற் கூடாத உலோகமெனப் பெயர்பெற்ற தங்கமும் இந்நிலையில் வினையைத் தூண்டும் ஊக்கியாகிவிடுகின்றது. நச்சு வாயுவாகிய கார்பன் மோனாக்சைடைத் தீங்கு குறைந்த கார்பன் டையாக்சைடாக மாற்றும் வினையைத் தங்க நானோ துகள்கள் உறைபனிக் குளிரிலும் தூண்டவல்லன என்று ஜப்பானியராகிய ஹருட்டா 1987-ஆம் ஆண்டிற் காட்டினார். கட்டித் தங்கம் 1,064 பாகை வெப்பத்தில் உருகும். சில நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகளோ அதனினும் மிகக் குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடும்.

நிறமும் மாறும். நீரிற் பரவிய தங்கத் துகள் மஞ்சளாயிராது மாதுளை மணியின் செம்மையைக் காட்டும். வெள்ளித் துகள் மஞ்சளாகவோ பழுப்பாகவோ தோன்றும். உலோகத்திற் கட்டின்றித் திரியும் மின்னணுக்கள் தம்மேல் விழும் ஒளியலையோடு ஒத்து ஊசலாடி, குறிப்பிட்ட சில நிறங்களை மாத்திரம் விழுங்கிவிடுதலே இதற்குக் காரணம். கி. பி. நான்காம் நூற்றாண்டில் உரோமர் செய்த லைக்கர்கஸ் கிண்ணம் லண்டன் மாநகரத்துப் பிரிட்டிஷ் அருங்காட்சிச் சாலையில் இருக்கின்றது. வெளியிலிருந்து ஒளி படின் அது பசுமையாகத் தோன்றும். உள்ளே விளக்கிட்டால் செக்கச் செவேலென ஒளிரும். அக்கண்ணாடியிற் பொன்னும் வெள்ளியும் நானோ துகள்களாய்ப் பரவியிருத்தலே அதன் காரணமென்பது பின்னாளைய ஆராய்ச்சியால் வெளியாயிற்று. காரணத்தை முதன்முதல் ஊகித்தறிந்தவர் மைக்கேல் பாரடே என்னும் பேரறிஞர். அவர் 1857-ஆம் ஆண்டில் தங்க உப்பின் கரைசலோடு பாஸ்பரஸைச் சேர்த்துச் செந்நிற நீர்மம் ஒன்றை ஆக்கி, அதில் இருப்பது மிக நுண்ணிய பொற்பொடியே என்று நிறுவினார். அத்தகைய துகள்களின் இருப்பைக் காட்டவல்ல அதிநுண்காட்டியை உருவாக்கிய ஸிக்மாண்டி என்பவர்க்கு 1925-ஆம் ஆண்டிற்குரிய நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இரசாயன சாலையின் வழி

உலோக உப்பு நீரிற் கரைந்தவிடத்து, உலோக அணு தன் மின்னணுக்களிற் சிலவற்றை இழந்து அயனியாய் நிற்கும். வெள்ளி அயனி ஒரு மின்னணுவை இழந்து நிற்பது. சாதாரணத் தங்க உப்பிலுள்ள பொன் மூன்றினை இழந்து நிற்பது. இழந்ததனைத் திரும்பக் கொடுத்தால் அயனி மீண்டும் உலோக அணுவாகும். இதனை ஒடுக்கம் என்பர். அங்ஙனம் ஒடுங்கிய அணுக்கள் ஒன்றோடொன்று கூடித் துகளாகும். அத்துகள்கள் மேன்மேலும் கூடிக் கட்டியாய்ப் படிந்துவிடாதபடி அவற்றின்மேல் ஒரு போர்வையும் வேண்டும். எனவே, மின்னணுவைக் கொடுப்பது ஒன்று, போர்வையாவது ஒன்று என இரண்டு பொருள்கள் இத்தொழிற்குத் தேவையாகின்றன. எந்த முறையை எடுத்துக்கொண்டாலும் இவ்விரண்டினையும் தேடிக் காணுதல் வேண்டும். கண்டால் முறை விளங்கிவிடும்.

1951-ஆம் ஆண்டில் டர்க்கெவிச் என்பவரும் அவர்தம் துணைவரும் விளக்கிய முறையில், எலுமிச்சைப் புளிப்பின் உப்பாகிய சோடியம் சிட்ரேட்டே இரண்டு வேலைகளையும் செய்கின்றது. கொதிக்கும் தங்கக் கரைசலில் அதனை இட்டால் சில நிமிஷங்களிற் செந்நிறம் தோன்றும். 1994-ஆம் ஆண்டில் வெளிவந்த பிரஸ்ட், ஷிஃப்ரின் முதலியோரின் முறையில் டொலுவீன் என்னும் கரைப்பானும், சோடியம் போரோஹைட்ரைடு என்னும் கடிய ஒடுக்கியும், கந்தகம் சேர்ந்த கரிமப் பொருளும் வழங்குகின்றன. துகள்கள் மிகச் சிறியனவாயும் ஒரே அளவினவாயும் கிடைக்கின்றன. ஆயின், மிஞ்சும் கழிவு தீங்குடையது. இத்தகைய கழிவுகளைத் தவிர்க்கவேண்டும் என்னும் எண்ணமே அறிஞர் சிலரைச் சிற்றுயிர்களின் பக்கம் திருப்பியது.

உயிர்கட்கு இத்தொழில் எற்றுக்கு?

பாக்டீரியாவுக்குப் பொன்னாசை உண்டோ என்று நகைப்பார் நகைக்கலாம். உண்மையில் அஃது ஆசையன்று, அச்சம். வெள்ளி அயனியும் தங்க அயனியும் உயிரணுவுக்குக் கொடிய நஞ்சு. அவை உள்ளே புகுந்து புரதங்களிலுள்ள கந்தகத்தைப் பற்றிக்கொண்டு உயிர்த்தொழில்களை நிறுத்திவிடும். அந்நஞ்சை வெளியே தள்ளுதல், ஏதேனும் ஒன்றோடு பிணைத்துவைத்தல், ஒடுக்கிக் கரையாத உலோகமாக்கிவிடுதல் என உயிரணுவுக்கு மூன்று வழிகள் உண்டு. மூன்றாவது வழியின் விளைவே நாம் பேசும் துகள். விஷத்தை அடக்கி வைத்த பானை போன்றது அஃது.

1980-ஆம் ஆண்டில் பெவரிட்ஜ், மர்ரி என்னும் இருவர், பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவின் சுவர் தங்க அயனிகளைப் பற்றி அவ்விடத்திலேயே உலோகத் தங்கமாகப் படியவைத்தலைக் கண்டனர். 1989-ஆம் ஆண்டில் இரண்டு ஈஸ்ட் வகைகள் காட்மியம் என்னும் நச்சு உலோகத்தைக் கந்தகத்தோடு கூட்டி, இரண்டு நானோமீட்டர் அளவுள்ள காட்மியம் சல்பைடுப் படிகங்களாக்கி, சிறு புரதத் துண்டுகளால் போர்த்து வைத்துக்கொள்ளுதல் வெளியாயிற்று. 1999-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு அறிஞர் வெளியிட்ட செய்தி இன்னும் வியப்பானது. வெள்ளிச் சுரங்கம் ஒன்றிலிருந்து முன்னரே பிரித்தெடுக்கப்பட்டிருந்த சூடோமோனாஸ் ஸ்டுட்செரி என்னும் பாக்டீரியாவைச் செறிந்த வெள்ளி நைட்ரேட்டுச் சூழலில் அவர்கள் வளர்த்தனர். அது மடியவில்லை. தன் உட்சவ்வுக்கும் வெளிச்சவ்வுக்கும் இடைப்பட்ட வெளியில் முக்கோணமாயும் அறுகோணமாயும் 200 நானோமீட்டர் வரை அளவுள்ள வெள்ளிப் படிகங்களைச் சேர்த்துவைத்தது. வெள்ளி மிகுந்த இடத்தில் வாழ்ந்து பழகிய உயிர்க்கே இவ்வாற்றல் கைவந்தது என்பது கருதத்தக்கது.

பூஞ்சைகளின் திறம்

இத்துறையில் இந்தியரின் பங்கு பெரிது. புனே நகரத்துத் தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தில் முரளி சாஸ்திரி, அப்சார் அஹ்மத் முதலியோர் 2001-ஆம் ஆண்டில், வெர்ட்டிசில்லியம் என்னும் பூஞ்சையைத் தங்க உப்பிலும் வெள்ளி உப்பிலும் இட்டு, அதன் நூலிழைகளின் சுவரிலும் உட்சவ்விலும் இருபது, இருபத்தைந்து நானோமீட்டர் அளவிலான துகள்கள் தோன்றுதலைக் கண்டனர். ஆயினும் அங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. துகள் உயிரணுவுக்குள்ளே அகப்பட்டிருப்பின் அதனை எடுத்தற்கு அவ்வுயிரணுவை உடைத்தல் வேண்டும். உடைத்தபின் குப்பையிலிருந்து பொன்னைப் பிரித்தல் வேண்டும்.

அடுத்து அவர்கள் ஃபியூசேரியம் ஆக்ஸிஸ்போரம் என்னும் பூஞ்சையை எடுத்தபோது அவ்விடர்ப்பாடு நீங்கிற்று. இப்பூஞ்சை தன் என்ஸைம்களை வெளியே உமிழ்வது. ஆதலால் ஒடுக்கமும் உடலுக்கு வெளியே நீரிலேயே நிகழ்ந்தது. தங்கத்தைப் பற்றிய செய்தி 2002-ஆம் ஆண்டிலும், வெள்ளியைப் பற்றியது 2003-ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. வெள்ளித் துகள்களின் அளவு 5 முதல் 15 நானோமீட்டர். அவை நெடுநாள் படியாமலும் நின்றன.

இம்முறையின் செய்கை எளிது. பூஞ்சையை ஊட்டநீரில் வளர்த்து, இழைத்திரளை வடித்தெடுத்து, ஊட்டத்தின் மிச்சம் இல்லாதபடி காய்ச்சி வடித்த நீராற் பன்முறை கழுவுவர். பின்னர் அத்திரளை வெள்ளி நைட்ரேட்டின் மென்கரைசலில் இட்டு வைப்பர். அல்லது, திரளைத் தூய நீரிற் சில நாள் ஊறவைத்து வடித்த நீரோடு அக்கரைசலைச் சேர்ப்பர். நேரம் செல்லச் செல்ல நிறமற்ற நீர் வெளிர்மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பாகும். வேலை முற்றுப்பெற இரண்டு மூன்று நாளும் ஆகலாம். வெப்பம் அறையின் வெப்பமே, கரைப்பான் நீரே.

மின்னணுவைக் கொடுப்பது எது, போர்வையாவது எது என்று முன்னர்க் கூறிய வினாக்களை இங்கும் எழுப்புவோம். உயிரணுக்களில் மின்னணுக்களைச் சுமந்துசெல்லும் சிறு மூலக்கூறுகள் உண்டு. நைட்ரேட்டை ஒடுக்குதற்கென அமைந்த என்ஸைம் ஒன்று அம்மூலக்கூறுகளிடமிருந்து மின்னணுவைப் பெற்று நைட்ரேட்டுக்கு வழங்குவது வழக்கம். அதே என்ஸைம் வெள்ளி அயனிக்கும் மின்னணுவை வழங்கவல்லது என்று 2007-ஆம் ஆண்டில், அவ்வென்ஸைமைத் தனியே பிரித்துச் சோதனைக் குழாயில் வைத்துக் காட்டினர். பூஞ்சை உமிழும் புரதங்கள் துகளின் மேற்புறத்தைத் தழுவிப் போர்வையாகின்றன. எனினும் எல்லா உயிர்களிலும் இந்த ஒரே என்ஸைம்தான் தொழில்புரிகின்றது என்று கொள்ளுதல் பொருந்தாது. சர்க்கரைகளும், சிறு கரிமப் பொருள்களும், ஒளியுங்கூடச் சில இடங்களில் ஒடுக்கத்திற்கு உதவுகின்றன.

மோரிலும் பொன்

நம் அடுக்களையில் நாள்தோறும் வழங்கும் மோரிலும் இத்தொழிலாளர் உளர். பாலைப் புளிக்கச் செய்யும் லாக்டோபேசில்லஸ் என்னும் பாக்டீரியாக்கள் தங்க அயனி, வெள்ளி அயனி ஆகியவற்றை ஒடுக்கிப் படிகமாக்குதலைச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் பிரதீப்பும் அவர்தம் மாணவரும் 2002-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சிறு கொத்துகள் முதலில் உயிரணுவின் புறத்தே தோன்றுகின்றன. அவை உள்ளே சென்று ஒன்றோடொன்று கூடிப் பெரிய படிகங்களாய் வளர்கின்றன. படிகம் வளர்ந்தும் பாக்டீரியா உயிரோடிருந்தது என்பது அவர்கள் கண்ட சிறப்பான உண்மை. நோய் விளைக்காத உயிரைக் கொண்டு இத்தொழிலைச் செய்யலாம் என்பதற்கு இஃது ஒரு நல்ல சான்று.

நிலத்தடியிலும் இது நிகழ்கின்றது. ஆஸ்திரேலியாவிற் கிடைத்த பொன்மணிகளின் மேற்புறத்தை 2006-ஆம் ஆண்டில் ஆராய்ந்தோர், குப்ரியாவிடஸ் மெட்டாலிடுரன்ஸ் என்று இன்று வழங்கும் பாக்டீரியா அவற்றின்மேற் படலமாய் வாழ்தலைக் கண்டனர். அவ்வுயிர் தனக்கு நஞ்சான தங்க அயனியை ஒடுக்கி நுண்பொன்னாக்குகின்றது; அது பொன்மணியின் வளர்ச்சிக்கு உதவுகின்றது என்பது அவர்தம் துணிபு. டெல்ஃப்டியா அசிடோவோரன்ஸ் என்னும் மற்றொரு பாக்டீரியா, தங்கத்தை உடலுக்கு வெளியே படியச் செய்யும் பொருள் ஒன்றைச் சுரத்தல் 2013-ஆம் ஆண்டில் அறியப்பட்டது. இனி, 1975-ஆம் ஆண்டில் பிளேக்மோர் என்பவர் விவரித்த காந்தப் பாக்டீரியாக்களோ, தம் உடலுக்குள் காந்தக்கல்லின் நுண்படிகங்களை மாலைபோற் கோத்துவைத்து, அதனைத் திசையறி கருவியாகக் கொண்டு நீந்துகின்றன. அவை செய்வது உலோகமன்று, இரும்பின் ஆக்சைடு. ஆயினும் அளவும் வடிவும் பிசகாத அப்படிகங்களின் ஒழுங்கை நம் இரசாயன சாலைகள் எளிதில் எட்டமாட்டா.

இயைந்ததோ, இயையாததோ?

இனிச் சிக்கலான வினாவுக்கு வருவோம். இம்முறை சுற்றுச்சூழலுக்கு இயைந்தது என்று கட்டுரைதோறும் முதல் வாக்கியத்திலேயே எழுதப்படுகின்றது. நீரே கரைப்பானாயிருத்தல், கடிய ஒடுக்கிகள் வேண்டாமை, கொதிநிலை வேண்டாமை, போர்வைக்கெனத் தனிப் பொருள் வேண்டாமை ஆகிய நான்கும் மெய்யான நன்மைகள். இவற்றை மறுப்பார் இல்லை. ஆயினும், வரவை மாத்திரம் எழுதிச் செலவை எழுதாத கணக்குக் கணக்காகாது.

முதலாவது, உலோக உப்பு எங்கிருந்து வந்தது? வெள்ளி நைட்ரேட்டு வெள்ளியை நைட்ரிக் திராவகத்திற் கரைத்துப் பெறுவது. தங்க உப்பு இராஜ திராவகத்தின் வழியே வருவது. அவ்வெள்ளியும் பொன்னும் சுரங்கத்தில் மலையளவு மண்ணைப் புரட்டி எடுத்தவை. ஒடுக்கும் வேலையைப் பூஞ்சை செய்தமையால் இச்செலவிற் காசளவும் குறைந்துவிடவில்லை.

இரண்டாவது, ஊட்டநீரையும் கலங்களையும் அழுத்த ஆவியாற் கிருமிநீக்கஞ் செய்தலும், பல நாள் அசைத்து வளர்த்தலும் மின்சாரத்தை விழுங்குவன. சிட்ரேட்டு முறையிற் சில நிமிஷக் கொதிப்போடு முடியும் வேலை இங்கே பல நாட்களாகின்றது. கட்டுரையாளர் பலர் தம் முறையைப் போரோஹைட்ரைடு, டொலுவீன் ஆகியவற்றோடு ஒப்பிட்டு மகிழ்கின்றனர். எலுமிச்சைப் புளிப்பின் உப்போடு ஒப்பிடுவார் சிலரே. வலியானோடு பொருது வெல்லுதலன்றோ வெற்றி?

மூன்றாவது, உயிர்களின் தேர்வு. வெள்ளித் துகளுக்குப் புகழ்பெற்ற ஃபியூசேரியம் ஆக்ஸிஸ்போரத்தின் ஓர் இனமே வாழைத்தோட்டங்களை அழிக்கும் வாடல் நோய்க்குக் காரணமானது. ஆய்வுக்கூடத்துக் குடுவையில் அடங்கியிருக்கும் உயிரைப் பீப்பாய் பீப்பாயாக வளர்க்க முற்படுங்கால், அது வயலுக்குச் செல்லாதபடி காக்கும் பொறுப்பும் கூடவே வரும். மோர்ப் பாக்டீரியா, ஈஸ்ட் முதலிய தீங்கற்ற உயிர்களையே முதலில் நாடுதல் அறிவுடைமை.

நான்காவது, துகளின் ஒழுங்கு. உயிர்கள் ஆக்கும் துகள்கள் பெரும்பாலும் பல அளவின. ஒருமுறை கிடைத்தது மறுமுறை அவ்வாறே கிடைத்தல் அரிது. மருந்துக்கும் நுண்கருவிக்கும் இக்குறை சிறிதன்று.

ஐந்தாவது, துகள் வேலை முடித்தபின் எங்கே செல்லும்? வெள்ளித் துகள் கிருமிகளைக் கொல்லும் என்பதனாலேயே புண்கட்டும் துணிகளிலும் ஆடைகளிலும் அது சேர்க்கப்படுகின்றது. ஆயின், நல்ல கிருமி, தீய கிருமி என்னும் வேற்றுமை வெள்ளிக்குத் தெரியாது. சலவையிற் கழுவுண்டு சாக்கடையிற் சேர்ந்தால், கழிவுநீரைத் தூய்மைசெய்யும் பாக்டீரியாக்களையும், குளத்து நீர்வாழ் உயிர்களையும் அது தாக்கக்கூடும். பூஞ்சையாற் செய்த வெள்ளியாயினும், திராவகத்தாற் செய்த வெள்ளியாயினும் இவ்விஷயத்தில் இரண்டும் வெள்ளியே. பிறந்த முறை தூயது என்பதால் பொருளின் இயல்பு மாறிவிடாது.

இங்ஙனம் கூறுவதால் இத்துறை வீணென்று கொள்ளற்க. அடைமொழி முற்றிலும் தகும் இடமும் உண்டு. அது கழிவிலிருந்து உலோகத்தை மீட்கும் தொழில். இங்கிலாந்தில் மெக்காஸ்கி முதலிய அறிஞர், சல்பேட்டை ஒடுக்கும் டெசல்ஃபோவிப்ரியோ என்னும் பாக்டீரியாவைக் கொண்டு, கரைசலிலுள்ள பல்லேடியத்தை உலோகமாக மீட்கும் முறையை 1998-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மோட்டார் வண்டிகளின் புகையைத் தூய்மைசெய்யும் ஊக்கியில் வழங்கும் விலையுயர்ந்த உலோகம் பல்லேடியம். மீட்கப்பட்ட பல்லேடியம் பாக்டீரியாவின் மேற்புறத்திலேயே நானோ துகளாய் ஒட்டிக்கொண்டிருத்தலால், அதனைப் பிரித்தெடுக்காமலே மறுபடியும் ஊக்கியாக வழங்கலாம். இங்கே உலோக உப்பு சுரங்கத்திலிருந்து வரவில்லை. நாம் எறிந்த குப்பையிலிருந்து வருகின்றது. நச்சுக்கழிவு குறைகின்றது, பயனுள்ள பொருள் கூடுகின்றது. வரவு செலவு இரண்டும் நம் பக்கமே நிற்கின்றன. மின்கருவிக் குப்பைகள் மலைபோற் குவியும் இந்நாளில் இவ்வழி பெரிதும் ஆராயத்தக்கது.

ஆய்வுசெய்வார்க்குச் சில குறிப்புகள்

நிறமாற்றத்தைக் கண்டவுடன் துகள் உண்டாயிற்று, அதனை உண்டாக்கியது இன்ன பூஞ்சை என்று முடிவுகட்டுதல் ஆகாது. வெள்ளி உப்பு ஒளியாலும் கருக்கும். ஊட்டநீரிலுள்ள சர்க்கரையாலும் ஒடுங்கும். ஆதலின், ஆய்வுக் குடுவையோடு வேறு நான்கு குடுவைகளை அதே ஒளியிலும் அதே வெப்பத்திலும் வைத்தல் வேண்டும். ஒன்றில் தூய நீரும் வெள்ளி நைட்ரேட்டும் மாத்திரம் இருத்தல் வேண்டும். இரண்டாவதில் உயிர் சேராத ஊட்டநீரும் வெள்ளி நைட்ரேட்டும் இருத்தல் வேண்டும். மூன்றாவதில் பூஞ்சையின் வடிநீர் மாத்திரம், வெள்ளி சேராமல் இருத்தல் வேண்டும். ஏனெனில், சில பூஞ்சைகளின் வடிநீர் தானே மஞ்சளாயிருக்கும். நான்காவதில் கொதிக்கவைத்து ஆற்றிய வடிநீரோடு வெள்ளி சேர்த்திருத்தல் வேண்டும். நான்காவது குடுவையும் பழுப்பாகுமாயின், தொழில்புரிந்தது என்ஸைம் என்று சொல்லுவதற்கு இடமில்லை; வெப்பத்தைத் தாங்கும் வேறொன்றைத் தேடவேண்டும்.

மற்றொரு குழி உப்பினால் வருவது. குழாய்நீரிலோ ஊட்டநீரிலோ குளோரைடு இருப்பின், வெள்ளி அயனி அதனோடு கூடித் தயிர்போல் வெண்மையாய்த் திரளும். அது ஒளிபட்டு ஊதாவாகிக் கருக்கும். அதனை உலோக வெள்ளியென மயங்குதல் எளிது. காய்ச்சி வடித்த நீரையன்றி வேறெதனையும் வழங்காமையே இதற்குக் காப்பு.

நிறமாலைக் கருவியில் வெள்ளித் துகள் 400 முதல் 420 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டியும், சிறிய தங்கத் துகள் 520 நானோமீட்டரை ஒட்டியும் ஒளியை மிகுதியாக விழுங்கும். இது நல்ல குறிப்பேயன்றி முடிந்த சான்றன்று. அளவை எலெக்ட்ரான் நுண்காட்டியாலும், படிக அமைப்பை எக்ஸ் கதிராலும் காணுதல் வேண்டும். இக்கருவிகள் எல்லாக் கல்லூரிகளிலும் இல்லை. ஆயினும் மேற்கூறிய நான்கு குடுவைகள் இல்லாத கல்லூரி இல்லை. கிருமிகளைக் கொல்லும் ஆற்றலைச் சோதிக்குங்காலும், துகளைப் பிரித்தபின் எஞ்சிய நீரைத் தனியே சோதித்தல் வேண்டும். ஒடுங்காமல் மிஞ்சிய வெள்ளி அயனியே கிருமிகளைக் கொன்றிருக்க, புகழ் துகளுக்குச் சென்றுவிடுதல் உண்டு.

முடிவுரை

உருவத்தின் சிறுமை கண்டு ஒன்றனை இகழலாகாது என்பது நம் முன்னோர் அறிவுரை. கோடிக்கணக்கான ஆண்டுகளாக நஞ்சை அடக்கி உயிர்வாழக் கற்றுக்கொண்ட சிற்றுயிர்களிடம் நாம் கற்கவேண்டியவை பல. படைத்தவனின் ஞானம் பெரியவற்றிற் போலவே சிறியவற்றிலும் விளங்குகின்றது என்பதற்கு வேறு சான்று வேண்டா. ஆயின், அவ்வுயிர்களிடம் கற்கும் முதற் பாடம் துகளாக்கும் வித்தையன்று. தனக்குத் தீங்கானதைத் தான் வாழும் நீரில் கரையவிடாது, தன்னிடத்திலேயே கட்டி அடக்கிவைக்கும் பொறுப்பே அப்பாடம். ஆய்வுக்கூடத்துத் தொட்டியில் வெள்ளிநீரைக் கொட்டிவிட்டு, சுற்றுச்சூழலுக்கு இயைந்த முறை என்று கட்டுரை எழுதுவோமாயின், நம்மினும் அந்தப் பாக்டீரியா நாகரிகமுடையது என்றே சொல்லவேண்டும். மிஞ்சிய கரைசலில் சிறிது சாதாரண உப்பைத் தூவினால் வெள்ளி வெண்பொடியாய்ப் படிந்துவிடும். அதனை வடித்து ஒரு புட்டியிற் சேர்த்துவைத்தால் வெள்ளியை மீண்டும் பெறலாம். இத்துறையிற் புகும் மாணவர் தம் ஆய்வை அப்புட்டியிலிருந்தே தொடங்குவாராக.